கணக்கை மாற்றும் முன் கேளுங்கள்

(பதுளையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசறை, ஹாலி-எல, நமுனுகுல பக்கமிருந்து வந்திருக்கிறீர்கள். நாங்கள் சொல்ல வந்தது சம்பளம் விழும் வங்கிக் கணக்கைப் பற்றி.

ஒரு சகோதரி, அதே வங்கியில் வேறு வகைக் கணக்குக்கு மாறினார். கணக்கு இலக்கமும் மாறிவிட்டது. தோட்டக் காரியாலயத்துக்குத் தெரியாது. சம்பளம் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பியது. அந்த மாதம் கடைக் கடனில்தான் அடுப்பெரிந்தது.

நடைமுறைக் கணக்கில் காசோலைப் புத்தகம் கிடைக்கும். பொதுவாக வட்டி இல்லை, கட்டணம் உண்டு. சம்பளம் எடுக்கும் நமக்குச் சேமிப்புக் கணக்கே போதும். எந்த வகைக்கு மாறினாலும் முதலில் கேளுங்கள்: இலக்கம் மாறுமா? குறைந்தபட்ச மீதி எவ்வளவு? கட்டணம் எவ்வளவு? புதிய இலக்கத்தைக் காரியாலயத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அஸ்வெசும பணம் வருமானால் பிரதேச செயலகத்துக்கும் அறிவியுங்கள். புதுக் கணக்கில் ஒரு சம்பளம் விழும்வரை பழையதை மூடாதீர்கள்.

விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் கேளுங்கள். வங்கி தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். தனியே போகத் தயக்கமா? தலைவரிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.