பாட்டியின் காபிக்காடும் நம் ஆங்கிலத் துறைகளும்



டிசம்பர் 6 அன்று ஏற்காட்டில் பேச அழைத்த மன்றத் தோழர்களுக்கு நன்றி. அண்ணலின் நினைவு நாளில் அவரை ஓர் ஆராய்ச்சி மாணவராக நினைத்துப் பார்த்து என் உரையைத் தொடங்குகிறேன்.

1916 மே 9. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என அதுவரை சாதிக்கு வரையறை சொன்னவர்களை ஒவ்வொருவராக எடுத்து, குறை எங்கே என்று காட்டுகிறார். பிறகு அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று தன் விளக்கத்தை வைக்கிறார். தன் வாழ்க்கையிலிருந்து எழுந்த கேள்வியைத் தன் ஆய்வுக் கேள்வியாக வைக்க அவருக்கு அந்த அறையில் இடம் இருந்தது. நம் பல்கலைக்கழகங்களில் அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் இன்று என் பேச்சு.

முப்பது ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தேன். அதில் பெரும்பகுதி பின்காலனிய இலக்கியத் தாள். சினுவா அச்செபேயைச் சொல்லித் தந்தேன், எட்வர்ட் சயீத்தைச் சொல்லித் தந்தேன். பெருமையாகவே செய்தேன். ஆனால் ஒரு தவறும் செய்தேன். அதை இங்கே, இந்த மலையில் வைத்துச் சொல்வதுதான் முறை.

2003இல் எம்.ஃபில். படிக்க ஒரு மாணவி வந்தார். இந்த மலையில் ஒரு காபித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர், நம் சமூகத்துப் பெண். தலைப்பைப் பற்றிப் பேசும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எங்க பாட்டி காபிக்காட்டுல பழம் பறிச்சவங்க. தோட்டத்து ஆளுங்களப் பத்தி எழுதலாமா சார்?"

நான் சொன்னேன்: "அதுக்கு டெக்ஸ்ட் எங்கம்மா இருக்கு?"

ஜீன் ரைஸ் 1966இல் எழுதிய 'வைட் சர்காசோ சீ' நாவலைக் கையில் கொடுத்தேன். ஜமைக்காவின் கரும்புத் தோட்டப் பின்னணியில் அமைந்த கதை. அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்ட முதலாளி குடும்பத்துப் பெண் ஒருத்தி படும் துயரம். நல்ல நாவல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். லைன் வீட்டுப் பெண்ணை, கடலுக்கு அப்பாலுள்ள தோட்ட முதலாளி மகளின் அடையாளச் சிக்கலைப் பற்றி நூறு பக்கம் எழுத வைத்தேன். அவரும் எழுதினார். பட்டமும் வாங்கினார். அதன் பிறகு ஆராய்ச்சிப் பக்கமே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஏற்காடு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பாட்டியைப் பற்றிக் கேட்டேன். "அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க சார்" என்றார். எழுதப்பட்டிருக்க வேண்டிய ஆவணம் ஒன்று அந்தப் பாட்டியோடு போய்விட்டது.

'டெக்ஸ்ட்' இல்லை என்று நான் சொன்னதும் உண்மையல்ல. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலை 1969இல் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். டி. செல்வராஜின் 'தேநீர்' 1970களிலேயே வந்துவிட்டது. இரண்டையும் நான் அப்போது படித்திருக்கவில்லை. 'ரெட் டீ'யை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆசிரியரின் அறியாமை, மாணவியின் தலையில் 'பனுவல் இல்லை' என்ற தீர்ப்பாக விழுந்தது.

பின்காலனியக் கோட்பாடு நமக்குப் பயன்படும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது வெள்ளையர், சுதேசி என்று கோடு போடும்போது, சுதேசிகளுக்குள் யார் யார் என்று நாம்தான் கேட்க வேண்டும். சேர்வராயன் மலைக்கு 1820களில் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. குழி வெட்டியவர் யார், நாற்று சுமந்தவர் யார்? 1859இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது தண்டனைக்குரியது. 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவன் வெள்ளையன். ஆனால் முன்பணத்தைக் கையில் திணித்து ஆள் பிடித்த கங்காணியும் மேஸ்திரியும் நம் ஊர்க்காரர்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், 'துரை' என்ற சொல் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களையும், கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்த தலித் மக்களையும் 'விளிம்புநிலை' என்ற ஒரே சொல்லில் கட்டிவிடாதீர்கள். தோட்டம் வந்தபோது ஒருவருக்குக் காடு கைவிட்டுப் போனது. இன்னொருவருக்கு ஊரில் நிலமே இல்லாததால் மலை ஏற வேண்டியிருந்தது. இரண்டும் வேறு வேறு வரலாறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால்தான் ஒற்றுமைக்கும் வழி பிறக்கும்.

1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோவும் நண்பர்கள் இருவரும் ஆங்கிலத் துறையையே கலைத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவை மையத்தில் வைத்து, அங்கிருந்து உலக இலக்கியத்தைப் பார்ப்போம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கட்டுரையை நான் ஆண்டுதோறும் நடத்தினேன். அப்படியானால் சேலத்தில் மையம் எது என்று ஒருமுறைகூட வகுப்பில் கேட்டதில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழில் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. நம் மாணவர்கள் ஆங்கில எம்.ஏ. வகுப்பில் அதை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறார்கள். அந்த வாழ்க்கையையும் பேச்சையும் வீட்டிலிருந்தே அறிந்த பிள்ளை, நோட்ஸ் மனப்பாடம் செய்தவனிடம் மதிப்பெண்ணில் தோற்கிறது. தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். எந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போகவில்லை என்று அந்தப் பிள்ளை எழுந்து சொல்லட்டும். அன்றைக்கு வகுப்பில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது மாறிவிடும்.

ஆய்வு நெறியாளர்களாக இருப்பவர்களுக்கும் நாளை ஆகப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். தலைப்பை மாணவரிடமிருந்து வரவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத நூல் என்றால் சேர்ந்து தேடுங்கள். லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரையும் எடுத்துக் கொடுத்து, 'இதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்?' என்று கேளுங்கள். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யும்போது அனுமதி கேட்கட்டும், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் நீக்கட்டும். உதவித்தொகைப் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு அது ஒரு கையெழுத்து, அவருக்கு விடுதிக் கட்டணம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில்.லை நிறுத்திவிட்டது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கு ஏறிய சின்னப் படி அது. இனி எம்.ஏ. திட்டக் கட்டுரையிலேயே அந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் நெறியாளர் 'டெக்ஸ்ட் எங்கே' என்று கேட்டால் பயப்படாதீர்கள். நூலகத்தில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.