சுவரோடு நிற்கும் அலுமாரி

வீட்டுத் தளபாடங்கள் இரு வகைப்படும். குடி பெயரும்போது உடன் வருவன ஒரு வகை. சுவரோடு நின்றுவிடுவன மற்றொரு வகை. கட்டிலும் பெட்டகமும் முன்னவை. மேசனும் தச்சனும் கூடிச் சுவரிலேயே அமைத்த அலுமாரியும் மாடமும் றாக்கையும் பின்னவை. காலம் மாறும்போது முன்னவற்றை விற்கலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். பின்னவற்றையோ இடித்தல் வேண்டும். அன்றேல் அவற்றுக்குப் புதியதொரு வேலை கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டில் எது தக்கது?

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடு ஒன்றை மனக்கண்முன் நிறுத்துக. அறையின் தடித்த சுவரினுள்ளே இரட்டைக் கதவுடைய அலுமாரி. காணி உறுதிகளும் சாதக ஓலைகளும் நகைகளும் இருந்த இடம் அது. மண்டபத்திலே பிற்காலத்துத் தொலைக்காட்சித் தட்டு. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அக்காலப் பெட்டியின் படக்குழாய் பின்னோக்கி நீண்டிருந்தமையால், அதற்கெனக் கட்டிய தட்டும் ஆழமாக அமைந்தது. இன்றைய தட்டையான கருவி சுவரிலே தொங்குகின்றது. தட்டு வெறுமையாய்க் கிடக்கின்றது.

இவ்வீட்டிலே ஒரு மூதாட்டி மகளோடும் பேத்தியோடும் வாழ்கின்றார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் இரண்டையும் இடித்துச் சுவரைச் சமப்படுத்த விரும்புகின்றார்.

"இவை எதற்கு அம்மா? தூசியும் கறையானுந்தான் சேரும்."

"இருட்டிலும் என் கை அந்த அலுமாரியைக் கண்டுபிடிக்கும், தம்பி. புதியதை நான் எங்கே தேடுவேன்?"

தாயின் சொல்லிலே வெறும் பழமைப் பற்று மட்டும் இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இக்குடும்பமும் வெளியேறியது. மீண்டு வந்தபோது பெட்டகம் இல்லை. அலுமாரியின் கதவுகளும் இல்லை. சுவரிலிருந்த குழி மட்டும் எஞ்சியிருந்தது. கிடைத்த பலகைகளால் அதற்குக் கதவு செய்து, குடும்பம் மறுபடி வாழத் தொடங்கியது.

எனினும் மகனின் கவலையும் பொய்யன்று. ஆதலால் இடிப்பதற்கு முன்னர் மூன்று சோதனைகள் வேண்டும்.

முதலாவது, சுவர். அலுமாரிக்கு மேலுள்ள கல்லையோ மரத்தையோ மேற்சுவரின் பாரம் அழுத்தி நிற்கும். அதனை அகற்றினால் சுவர் வெடிக்கும், கூரையும் தாழக்கூடும். அனுபவமுள்ள மேசன் பார்க்காமல் அதிலே கைவைத்தல் ஆகாது.

இரண்டாவது, மரம். கூரிய கருவியால் மெல்லக் குத்திப் பார்த்தால், கறையான் தின்ற பகுதி உள்ளே இறங்கும். அத்துண்டை மட்டும் வெட்டி நல்ல மரம் பொருத்தலாம். முதிரையோ பாலையோ வைரமாக இருப்பின், அதற்கீடான பலகையை இன்று வாங்குதல் எளிதன்று. பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும். ஆகவே அதனை உலர்ந்தபடி தேய்த்துத் தூளாக்காமல், நனைத்துச் சுரண்டுதல் வேண்டும். அவ்வேளை சிறுவர்கள் அருகில் நிற்றலாகாது.

மூன்றாவது, ஈரம். சுண்ணாம்புச் சாந்தினாலான சுவர் தன்னுள் ஏறிய ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். பூச்சு உப்பி உதிரும். பழுதைச் சுண்ணாம்புச் சாந்தினாலேயே திருத்துவது நன்று. கதவின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இட்டு, பொருள்களைப் பின்சுவரினின்று ஓர் அங்குலம் விலக்கி வைத்தால் பூஞ்சணம் குறையும்.

இச்சோதனைகளின் பின்னர் எழும் வினா: இன்று இதனைப் பயன்படுத்துவோர் யார்? மூதாட்டிக்கு இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளே எளியவை. மருந்தும் கண்ணாடியும் உறுதிகளும் அங்கே அமையட்டும். எப்போதாவது தேவைப்படுவன மேலே போகட்டும். உள்ளே வெள்ளை பூசினால் இருள் குறையும். மண்டபத்து ஆழத் தட்டு பேத்திக்கு எழுதுமேசையாகலாம். பலகையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 29 அங்குல உயரத்தில் பொருத்தி, கீழே முழங்காலுக்கு இடம் விட்டால் போதும். தொலைக்காட்சிக்கென இட்ட மின்னிணைப்பு, மின்வினைஞர் பரிசோதித்த பின்னர், படிப்பு விளக்குக்கு உதவும். மேற்றட்டுகள் புத்தகங்களுக்காகும்.

இவ்வாறு செய்யின் மகன் விரும்பிய துப்புரவும் தாய் விரும்பிய பழக்கமும் ஒருங்கே நிலைபெறும். சுவர் நைந்து, மரம் உளுத்து, பயன்கொள்வாரும் இல்லையாயின் இடித்தலே முறை; அதற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால் அம்முடிவு சோதனைக்குப் பின்னர் வரவேண்டும். விடுமுறைக்கு வந்தவர் சில கிழமைகளில் திரும்பிவிடுவார். நாள்தோறும் அக்கதவைத் திறப்பவர் வீட்டிலேயே இருப்பவர். எனவே முதலிலே கேட்கவேண்டியது அவருடைய சொல்லையே.