கால்வாய்க்கரைத் தறிகள்



கைத்தறித் துணியின் அழகைப் போற்றுவோர் பலர். அதனை நெய்தவர் வயிறார உண்ண வழி காண்போர் சிலர். அச்சிலருள் ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விழைகிறேன்.

தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில், ஒரு கால்வாயின் கரையில், பான் குருவா என்னும் குடியிருப்பு உண்டு. பழைய சம்பா நாட்டின் வழிவந்த சாம் இன முஸ்லிம் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்து வந்தன. ஆலைத்துணி மலிவாக வந்து குவியவே, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இந்நிலையில், 1945ஆம் ஆண்டில், ஜிம் தாம்ஸன் என்னும் அமெரிக்கர் அந்நகருக்கு வந்தார். அவர் கட்டடக் கலைஞர், நெசவாளர் அல்லர். எனினும் நிறங்களின் அருமையை உணர்ந்தவர்.

1947இல் சில பட்டுத் துண்டுகளை அவர் நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றார். ‘வோக்’ என்னும் புகழ்பெற்ற உடையலங்கார இதழின் ஆசிரியை அவற்றைக் கண்டு வியந்தார். பின்னர்த் தாய்ப் பட்டுக் கம்பெனி உருவாயிற்று. 1951இல் அரங்கேறிய ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகத்தின் உடைகள் அப்பட்டின் புகழை மேலும் பரப்பின.

அவர் செய்த மாற்றம் யாது? எளிதில் வெளுக்கும் சாயத்தை நீக்கி, நிலைத்து நிற்கும் சாயத்தைக் கொணர்ந்தார். ஆனால் தறியை வீட்டைவிட்டுப் பெயர்க்கவில்லை. பெண்கள் தம் இல்லத்திலிருந்தே நெய்து பொருளீட்டினர். 1959இல் தாம் கட்டிய வீட்டையும் அவர் அக்கால்வாயின் எதிர்க்கரையிலேயே அமைத்துக்கொண்டார்.

1967 மார்ச்சு 26ஆம் நாள், மலேசியாவின் காமரன் மலையில் உலாவச் சென்ற அவர் திரும்பவேயில்லை. என்ன ஆனார் என்பது இன்றளவும் புதிர்.

கம்பெனி தழைத்தது. நெசவோ பெரும்பாலும் வடகிழக்கேயுள்ள பாக் தோங் சாய்க்குப் பெயர்ந்தது. இன்று பான் குருவாவில் ஒலிக்கும் தறிகள் மிகச் சில. துணியின்மேல் வணிகரின் பெயர் நிலைத்தது. முதலில் நெய்த குடியின் பெயரை வாங்குவோர் அறியார்.

நண்பர்களே! கைவினைத் துணியைக் கொண்டு வணிகம் நடத்த நாளை உங்களுள் சிலர் முன்வரலாம். சாயம் நிலைக்க வேண்டும். நெய்தவர் கைக்கூலி நியாயமாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் கதை விட்டுச்சென்ற மூன்றாவது பாடமும் ஒன்றுண்டு: தொழில் வளரும்போது, அதனைத் தாங்கிய தறியும் அதனுடன் வளர வேண்டும்.