குறி பார்க்கக் கற்ற சேனை

துப்பாக்கி தாங்கிய சேனை என்றால் அது குறி பார்த்துச் சுடத் தெரிந்த சேனையாகவே இருக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. 18ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியக் காலாட்படை வீரனுக்கு இடப்பட்ட கட்டளைகளுள் ‘குறி பார்’ என்ற ஒன்று இல்லை. ‘நீட்டு’ என்பார்கள், அடுத்து, ‘சுடு’ என்பார்கள். அவ்வளவே. தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசை முழுவதும் ஒரே கணத்தில் எதிரே வெடி தீர்க்கும். எவனுடைய சன்னம் எவன்மீது பட்டதென்பது எவருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இதனை அக்காலத்தவரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. குற்றம் ஆயுதத்தில் இருந்தது. ‘பிரவுண் பெஸ்’ என்று செல்லப் பெயரிட்டு அழைக்கப்பட்ட அந்தத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. வாய்வழியாக விரைந்து இடித்து நிரப்புவதற்கு வசதியாக, ஈயக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்க்கப்பட்டது. வெடித்ததும் குண்டு குழலின் சுவர்களில் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும். எந்தப் பக்கமாகச் செல்லும் என்பது கடைசி மோதலைப் பொறுத்தது. கைதேர்ந்த வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடலாம். ஆயினும் 100 யார் தூரத்துக்கு அப்பால் தனி மனிதனொருவனை வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயலாகவே நிகழ்ந்தது. கேணல் ஜோர்ஜ் ஹங்கர் என்பார் 1814இல், 200 யார் தூரத்தில் நிற்பவனைச் சுடுவதும் சந்திரனைச் சுடுவதும் ஒன்றே என்ற கருத்துப்பட எழுதினார். அத்தகைய கருவிக்கு வேகமும் ஒழுங்கும் போதுமானவை. குறி எதற்கு?

குழலின் உட்புறத்திலே சுருள்சுருளாகப் பள்ளம் வெட்டினால், சன்னம் பம்பரம்போற் சுழன்றுகொண்டு நேராகச் செல்லும் என்ற உண்மை வேட்டைக்காரருக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. அவ்விதம் பள்ளம் வெட்டிய துப்பாக்கியே றைபிள் எனப்படுவது. 1800ஆம் ஆண்டில் பிரித்தானியச் சேனையில் றைபிள்காரர் படையொன்று பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. செந்நிற உடுப்புக்குப் பதிலாகப் பச்சை உடுத்து, மரத்தின் பின்னும் பாறையின் பின்னும் ஒதுங்கி, தனித்தனியே இலக்குத் தேர்ந்து சுடுவதற்கு அவர்கள் பழக்கப்பட்டனர். ஆனால், பள்ளங்களில் இறுகப் பொருந்துமாறு குண்டை இடித்திறக்கப் பிடித்த நேரமோ மிக அதிகம். எனவே றைபிள் ஒரு சிலருக்குரிய சிறப்பாயுதமாகவே நின்றுவிட்டது.

இத்தடையை நீக்கியவர் மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி. 1849 அளவில் அவர் அமைத்த சன்னம் கூம்பு வடிவானது, அடிப்புறம் குடைவானது. குழலினுள்ளே தடையின்றி இறங்கும்; வெடித்த வேகத்தில் அடிப்புறம் விரிந்து பள்ளங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். நிரப்புவது எளிது, செல்வதும் நேர். 1853இல் பிரித்தானியச் சேனை என்பீல்ட் றைபிளை ஏற்றுக்கொண்டபோது, சாதாரணக் காலாள் ஒவ்வொருவனின் கையிலும் 800, 900 யார் தூரத்துக்கு அளவுக்குறியிட்ட ஆயுதம் வந்து சேர்ந்தது. ஆயுதம் வந்துவிட்டது, ஆள் ஆயத்தமாக இல்லை. ‘நீட்டு, சுடு’ என்று மாத்திரம் அறிந்தவனிடம் இதனைக் கொடுத்து யாது பயன்?

அதே 1853ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கென்ற் மாகாணக் கரையோரத்திலுள்ள ஹைத் என்ற சிற்றூரில் சூட்டுப் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. பாடசாலை என்ற பெயர் அதற்கு முற்றும் பொருந்தும். ஏனெனில் அங்கு வந்தவர் சுடக் கற்பதற்கு மாத்திரம் வரவில்லை. கற்பிக்கக் கற்பதற்கு வந்தனர். ஒவ்வொரு றெஜிமெந்திலிருந்தும் அதிகாரியும் சார்ஜன்றுகளும் வந்து பயின்று, திரும்பிச் சென்று தம் படையினருக்கு ஆசிரியராயினர். ஆசிரிய கலாசாலையொன்றின் முறை இதுவேயன்றோ?

முதல் தலைவரான கேணல் ஹே என்பாரின் காலத்தில் வகுக்கப்பட்ட பாடமுறை கவனிக்கத்தக்கது. மாணவன் பாடசாலையில் கால்வைத்த அன்றே அவன் கையில் வெடிமருந்து கொடுக்கப்படவில்லை. முக்காலியின்மேல் மணற்பையும், அதன்மேல் றைபிளும் வைக்கப்பட்டன. அவன் குறியைச் சரிசெய்துவிட்டு விலகி நிற்பான். ஆசிரியர் குனிந்து கண் வைத்துப் பார்த்து, எங்கே பிழைத்ததென்று காட்டுவார். கண் பழகிய பின்னர் உடல் பழக வேண்டும். நின்றும் முழந்தாளிட்டும் றைபிளை அசையாது தாங்கும் பயிற்சி அதற்கானது. அதன்பின் மெழுகுதிரிப் பாடம். எரியும் திரிக்கு எதிரே குழல்வாயைச் சிறிது இடைவெளி விட்டு நீட்டி, சன்னமும் மருந்தும் இன்றி வெடிமூடியை மட்டும் வெடிக்கச் செய்வார்கள். குழலின் வழியே பாயும் காற்று, குறி சரியாயின் சுடரை அணைக்கும். கை அசைந்தால் சுடர் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். ஈயம் ஒரு துளியும் செலவின்றி, மாணவன் தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும் இப்பாடத்திலும் சிறந்த செய்முறைப் பாடம் பிற பாடசாலைகளிலும் அரிதாகவே இருந்திருக்கும்.

இவற்றினும் கடினமானது தூரத்தைக் கண்ணால் மதிக்கும் பாடம். அக்காலத்துச் சன்னம் மெதுவாக, வானத்தில் வளைந்து சென்று விழுவது. 600 யார் தூரத்தை 500 என்று மதித்தவனின் சன்னம் எதிரியை அடையுமுன்னரே மண்ணில் விழும். ஆகவே, வீரர் சிலரை அளந்த தூரங்களில் நிறுத்தி, இத்தனை யாரில் முகம் தெரிகிறது, இத்தனை யாரில் பொத்தான் மறைகிறது என்று மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணின் வன்மைக்கேற்பக் குறித்துக்கொண்டனர்.

இந்தியாவிலும் புதிய றைபிளைப் பழக்குவதற்காக டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூவிடங்களில் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. அங்கே பாடத்தைக் கெடுத்தது துப்பாக்கியன்று. ரவையைச் சுற்றிய கடதாசியில் தடவப்பட்டிருந்த கொழுப்பு. பசுவின் கொழுப்பென்றும் பன்றியின் கொழுப்பென்றும் 1857 ஜனவரியில் டம்டமில் எழுந்த பேச்சு சிப்பாய்களிடையே தீப்போற் பரவியது. அக்கடதாசியைப் பல்லாற் கடித்துக் கிழித்தே மருந்தைக் கொட்ட வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் மூண்ட பெருங்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் உடனடிப் பொறி பயிற்சிக்கூடத்திலிருந்தே பறந்தது. குறி பார்க்கக் கற்பித்தவர்கள், தம் முன்னே நின்ற மாணவரின் மனத்தைப் பார்க்கத் தவறினர்.

இங்கிலாந்திலோ சுடுதல் ஒரு நாகரிகப் பொழுதுபோக்காகவே மாறியது. 1860 ஜூலையில் விம்பிள்டனில் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்ரோறியா மகாராணி தொடக்கிவைத்தார். தாங்கியிற் பொருத்தி முன்கூட்டியே குறி பார்த்து வைத்த றைபிளின் பட்டுக்கயிற்றை அவர் இழுக்க, 400 யார் தூரத்தில் இலக்கின் நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்துள் சன்னம் பதிந்தது. மகாராணியின் திறமையைவிட, தாங்கியைப் பூட்டியவரின் திறமையே பெரிதென்று சொல்வது இராசத் துரோகமாகாது.

ஆயினும் போட்டி மைதானம் வேறு, போர்க்களம் வேறு. இதனை ஆங்கிலேயருக்குக் கற்பித்தவர்கள் தென்னாபிரிக்காவின் போயர் விவசாயிகள். 1881இல் மஜூபா மலையில் முதற் பாடம். 1899 டிசெம்பரில் மாகர்ஸ்பொன்ரெயின், கொலென்சோ ஆகிய களங்களில் இரண்டாவது. மானைத் தேடி வெளிகளில் திரிந்து வளர்ந்த போயர், தூரத்தை மதிக்கவும் மறைவில் கிடக்கவும் எவரிடமும் சென்று பயிலவில்லை. கையில் மௌசர் றைபிள், புகையில்லா மருந்து. எங்கிருந்து சுடுகிறார்கள் என்பதே தெரியாமல் பிரித்தானிய வரிசைகள் சரிந்தன. அந்தப் போயர்களுள் ஏறத்தாழ 5,000 பேர் பின்னர் சிறைக்கைதிகளாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, 1900 முதல் தியத்தலாவையில் வைக்கப்பட்டனர். தேர்ந்த குறிவல்லுநர் பலர் வெறுங்கையராய் மலைக்குளிரில் நடமாடிய அதே தியத்தலாவையில், 1949இல் இலங்கை இராணுவம் உருவான பின்னர் புதிய படையினருக்குப் பயிற்சியளிக்கும் நிலையம் அமைந்தது.

போயர் யுத்தத்தின் பின்னர் ஹைத் பாடசாலை தன் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதியது. 1905இல் அங்கு பிரதம போதனாசிரியராக வந்தவர் நோர்மன் மக்மகன் என்ற அதிகாரி. சூட்டுப் பயிற்சியில் அவருக்கிருந்த தீவிரத்தைக் கண்ட சக அதிகாரிகள் ‘சூட்டுப் பித்தர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தனர். அவருடைய எண்ணம் உண்மையில் றைபிளுக்கு அப்பாலும் சென்றது. இனிவரும் போர் இயந்திரத் துப்பாக்கியின் போர் என்று அவர் கருதினார். பற்றாலியன் ஒன்றுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே இருந்த காலத்தில் ஆறு வேண்டும் என்று அவர் வாதாடினார் என்றும், பணமில்லை என்று மறுக்கப்பட்டது என்றும் அவருடன் பணியாற்றிய அதிகாரியொருவர் பின்னர் எழுதிவைத்தார். இயந்திரம் கிடைக்காவிடின் மனிதனையே இயந்திரத்துக்கு ஈடாக்குவோம் என்பதே எஞ்சிய வழி.

1909இல் வெளிவந்த பயிற்சி விதிகளில் அவ்வழி காணப்படுகிறது. 300 யார் தூரத்திலுள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்தில் 15 ரவைகளைக் குறி தவறாது சுட வேண்டும். பின்னாளில் ‘பைத்திய நிமிடம்’ என்று பெயர் பெற்ற பயிற்சி இதுவே. இரண்டு நூற்றாண்டுகளாக ஒன்றுக்கொன்று பகையாயிருந்த வேகமும் குறியும் இங்கே ஒன்றுசேர்ந்தன. றைபிளைத் தோளிலிருந்து எடுக்காமலே பின்பூட்டை இழுத்துத் தள்ளவும், ஐந்தைந்தாகக் கோத்த ரவைகளை ரவைப்பெட்டியினுள் அமுக்கவும் விரல்கள் தாமாகவே பழகும்வரை, போலி ரவைகளைக் கொண்டு நாள்தோறும் பயிற்சி நடந்தது. தேறியவனின் சட்டைக்கையில் குறுக்கிட்ட இரு றைபிள்கள் கொண்ட சின்னம் ஏறியது. அதனினும் முக்கியமாக, நாட்சம்பளத்தோடு சில பென்ஸ் அதிகம் கிடைப்பதும் இத்தேர்ச்சியைப் பொறுத்தே இருந்தது. வறிய குடும்பங்களிலிருந்து வந்த அவ்வீரர்களுக்கு அச்சில பென்ஸ், எந்தச் சொற்பொழிவினும் சிறந்த ஊக்கமளித்திருக்கும்.

1914 ஆகஸ்ட் 23ஆம் திகதி பெல்ஜியத்தின் மொன்ஸ் நகரையடுத்த கால்வாய்க் கரையில் இப்பயிற்சி பரீட்சைக்கு வந்தது. நெருங்கி முன்னேறிய ஜேர்மானியப் படை, பிரித்தானிய றைபிள்களின் இடையறாத சூட்டினால் பெரும் சேதமடைந்தது. றைபிள் சூட்டையே இயந்திரத் துப்பாக்கிச் சூடென்று ஜேர்மானியர் மயங்கினர் என்ற கதை ஆங்கில நூல்களில் ஓயாது கூறப்படுவது. ஜேர்மானியப் படைகளின் வரலாறுகளை ஆராய்ந்தோர் சிலர் இதனை ஏற்பதில்லை. வென்றவரும் தோற்றவரும் தத்தம் கதையைச் சற்று நீட்டியே சொல்வர். ஆனால் ஒன்று ஐயத்துக்கிடமற்றது. நிமி என்னுமிடத்துப் பாலத்தைக் காத்து நின்ற பற்றாலியன் றோயல் பியூசிலியர்ஸ் 4ஆவது பற்றாலியன். அதன் தலைவர் வேறெவருமல்லர், ஹைத் பாடசாலையின் மக்மகனே. பாலத்தருகே நின்றவை அவர் போதாவென்று வாதாடிய அதே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை நடத்திய லெப்ரினன்ற் மோறிஸ் டீஸ் மீண்டும் மீண்டும் காயமுற்று இறந்தார். கடைசியில் ஒரு துப்பாக்கியைத் தனித்து இயக்கிப் பின்வாங்குவோரைக் காத்த சிட்னி கோட்லி என்ற வீரர், அதனைக் கழற்றிக் கால்வாயில் எறிந்துவிட்டுக் கைதியானார். விக்ரோறியாச் சிலுவை இருவருக்கும் வழங்கப்பட்டது. இயந்திரத் துப்பாக்கிகள் ஆறு இருந்திருந்தால் அன்றைய பகல் எவ்வாறு கழிந்திருக்கும் என்று மக்மகன் எண்ணாமல் இருந்திருக்க முடியாது.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி ஈப்பிறஸ் நகருக்கருகே பிறஷ்யக் காவற்படை தாக்கிய நாளன்று மக்மகன் கொல்லப்பட்டார். அந்த ஓர் ஈப்பிறஸ் சமரில் மாத்திரம் பிரித்தானியர் இழந்தோர், இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 50,000க்கு மேற்பட்டோர். ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய குறிவல்லுநர்களின் சேனை சில வாரங்களில் அழிந்தது. அவர்களின் இடத்துக்கு இலட்சக்கணக்கில் வந்த தொண்டர்களுக்கு முதலில் றைபிள்களே போதவில்லை. மரக்கட்டைகளைத் தோளில் வைத்துப் பயின்றனர். பல ஆண்டுப் பாடத்தைச் சில மாதங்களில் எவராலும் புகட்ட இயலாது. அகழிப் போரிலே கைக்குண்டு முதன்மை பெற்றது. கூப்பிடு தூரத்தில் எதிரி ஓடுகையிலும் றைபிளை உயர்த்தாது, குண்டெறிய ஓடியவர் உண்டென்று அதிகாரிகள் முறையிட்டனர். இயந்திரத் துப்பாக்கிகளின் தொகையோ, பணமில்லை என்ற பேச்சே எழாமல், 1915இல் பற்றாலியனுக்கு நான்காக உயர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதற்கெனத் தனிப் படையணியே அமைந்தது.

குறி பார்க்கும் கலை அப்போது ஒரு சிலரின் கைக்கு மீண்டது. பதுங்கிச் சுடும் ஜேர்மானியரால் நாள்தோறும் உயிர்கள் பறிபோவதைக் கண்ட ஹெஸ்கத் பிறிச்சாட், 1916இல் பிரான்சில் அதற்கெனவே ஒரு பாடசாலை தொடங்கினார். அவர் வேட்டைக்காரர், எழுத்தாளர், ஹாம்ப்ஷயருக்கு ஆடிய கிரிக்கெற் பந்து வீச்சாளரும்கூட. கடதாசிக்கூழால் செய்த மனிதத் தலையை அகழிக்கு மேலே உயர்த்திக் காட்டி, அதில் எதிரியின் சன்னம் துளைத்த வழியாகவே நோக்கி, எதிரி பதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் உபாயம் அங்கு கற்பிக்கப்பட்டது. சுடுவதைவிடப் பார்ப்பதற்கே அங்கு அதிக நேரம் செலவிடப்பட்டது.

இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் அமெரிக்கர் வேறொரு கேள்வியைக் கிளப்பினர். மைதானத்தில் நன்கு சுடுபவன் களத்தில் சுடுகின்றானா? போரின்போது துப்பாக்கியை இயக்கியவர் நால்வரில் ஒருவருக்கும் குறைவு என்று 1947இல் எஸ். எல். ஏ. மார்ஷல் எழுதியது பரபரப்பை விளைத்தது. அவர் கணக்கு எவ்வாறு பெறப்பட்டதென்று பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். அதனிலும் உறுதியானது 1952இல் வெளிவந்த ஆராய்ச்சி அறிக்கை. றைபிள் பயன்படுவது பெரும்பாலும் 300 யார் தூரத்துக்குள்ளேயே என்று அது காட்டியது. அளந்த தூரத்தில், வெள்ளைப் பலகையில், கறுப்பு வட்டத்தைச் சுட்டுப் பழகுவது எவ்வளவுக்குப் போரோடு ஒத்தது என்ற வினா அப்போது எழுந்தது. 1950களில் வகுக்கப்பட்ட புதிய முறையில் வட்டம் போயிற்று. புதரிடையே மனித உருவொன்று சில கணங்கள் எழும், தூரம் சொல்லப்படாது, சன்னம் பட்டால் தானே சாயும். ஹைத்தின் தூரமதிப்புப் பாடம் வேறுருவில் திரும்பி வந்தது எனலாம்.

ஹைத் பாடசாலை இன்று அங்கில்லை. 1960களின் இறுதியில் அது வோர்மின்ஸ்ரர் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே, 1920களில், நெதெராவனிலிருந்த இயந்திரத் துப்பாக்கிப் பாடசாலையோடு அது இணைக்கப்பட்டிருந்தது. அவ்விணைப்பிலிருந்து பிறந்த போதனாசிரியர் படையணியின் தொப்பிச் சின்னத்தில் இரு றைபிள்கள் குறுக்கிட்டு நிற்கின்றன. அவற்றின் நடுவே ஓர் இயந்திரத் துப்பாக்கி அமர்ந்திருக்கிறது.