மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளின் மனநலம் காப்போம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று, பின்னர் அரசாங்கப் பணியில் சேர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் ஒருவர் மட்டுமே இருந்தார். என்றோ ஒரு நாள் மருத்துவரின் கார் வந்து நின்றால், முதியவர்களும் எழுந்து நிற்பார்கள். நம் பிள்ளைகளில் ஒருவன் அந்தக் காரில் வரமாட்டானா என்று என் தாயார் ஏங்கியதுண்டு. எனவே, ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் குடும்பமே மகிழ்ச்சியில் திளைப்பதன் காரணத்தை நான் நன்கறிவேன். ஆயினும், அம்மகிழ்ச்சி பிள்ளையின் தோளில் எவ்வளவு பெரிய பாரமாக இறங்குகிறது என்பதை என் குடும்பத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

என் தங்கை மகன் மருத்துவம் பயின்றபோது, இதுபோன்றதொரு விழாவில் நானே அவனுக்குப் பொன்னாடை போர்த்தினேன். "எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். அவன் தலைகுனிந்து நின்றான். அடக்கம் என்றெண்ணிப் பூரித்தேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் தோல்வியுற்ற செய்தியை அவன் அப்போதே நெஞ்சில் சுமந்திருந்தான். மூன்று மாதங்கள் கழித்து, ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, என்னால் முடியவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்று அழுதான். இன்னும் முயன்று படி என்று அறிவுரை கூற வாயெடுத்தேன். அவன் குரல் என்னைத் தடுத்தது. "சாப்பிட்டாயா, ஐயா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லை என்றான். அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இந்நிலை அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்று, 43 நாடுகளின் 122,356 மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. அவர்களுள் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டன. நால்வரில் ஒருவருக்கும் மேல்! அவ்வாறு கண்டறியப்பட்டவர்களுள் சிகிச்சையை நாடியவர்களோ 15.7 விழுக்காட்டினரே.

காரணங்கள் பல. பள்ளியில் முதல் மாணவனாய் விளங்கியவன், அங்கே முதல் மாணவர்கள் நடுவில் சராசரி மாணவனாகிறான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எனப் பாடங்கள் மலைபோல் குவிகின்றன. பின்னர் மருத்துவமனை வார்டுகளில் நோயையும் மரணத்தையும் நேருக்கு நேர் காண்கிறான். ஐந்தாண்டுப் படிப்பு முடிந்தாலும் பயிற்சி மருத்துவப் பணி காத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்பந்த நியமன முறை அறிமுகமான பின்னர், நிரந்தரப் பணி குறித்த கவலையும் சேர்ந்துகொண்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மனநல மருத்துவரை நாடினால் பிறர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் வாயைக் கட்டிவிடுகிறது.

அந்த அச்சம் தேவையற்றது. மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனம் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, மருத்துவர் தம் சொந்த உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவதும் அவர்தம் கடமையாகச் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய 309ஆம் சட்டப்பிரிவு 2023ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. துன்பத்தில் தவிப்பவருக்கு வேண்டியது சிகிச்சையே என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. மனநல உதவிக்கென 15555 என்னும் தொலைபேசி எண்ணைச் சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு தொடங்கியது.

பெற்றோர்களே! பிள்ளை வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போது, மதிப்பெண்ணைக் கேட்குமுன் உணவையும் உறக்கத்தையும் கேளுங்கள். தோல்வியைச் சொல்ல வரும் பிள்ளை, அதைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமை காத்திடுங்கள். மாணவச் செல்வங்களே! இரண்டு வாரத்திற்கும் மேலாக உறக்கமோ ஊக்கமோ இல்லையெனில், கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ தயங்காமல் காணுங்கள். நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். இடம் கிடைத்த நாளில் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடக்கூடாது. நம் ஆலய உறுப்பினர்களாகிய மருத்துவர்கள், ஒவ்வொரு விடுமுறையிலும் இம்மாணவர்களை ஆலய மண்டபத்தில் சந்தித்து மனம்விட்டு உரையாட ஏற்பாடு செய்யுங்கள். தாமும் ஒருகாலத்தில் தடுமாறியதை ஒரு மூத்த மருத்துவர் சொல்லக் கேட்பது, மாணவனுக்குப் பெரிய ஆறுதலாகும்.

என் மருமகன் ஆலோசனை பெற்றான். ஓராண்டு பின்தங்கித் தேர்ச்சியும் பெற்றான். இன்று அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றுகிறான். அவன் இசைவுடனேயே இதைச் சொல்கிறேன். அவன் படிப்பை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றிருந்தாலும், என் தங்கைக்கு அவன் மகன்தான், எனக்கு மருமகன்தான்.

இறைவனையே வைத்தியநாதன் என்று போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். அடுத்த முறை பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது, தேர்ச்சியோடு நல்லுறக்கத்தையும் மன அமைதியையும் சேர்த்து வேண்டுங்கள். அன்றிரவே பிள்ளைக்குத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.