குடியை விட எண்ணியவர்க்கு ஒரு கூட்டம்
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மதுவிலக்கைப் பற்றிச் சங்க மேடைகளில் நாம் பேசாத ஆண்டில்லை. ஆனால் குடிப்பவர் ஒருவரே நம்மிடம் வந்து, "விட விரும்புகிறேன், எங்கே போவது?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? சில காலத்துக்கு முன் ஓர் அன்பர் அப்படித்தான் கேட்டார். பெயர் வேண்டாம். நாம் அவருக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னோம். அவரும் தலை குனிந்து கேட்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் தவறணைக்குள் நுழைந்தார் என்று மறுநாள் அறிந்தோம். அதன் பின்னரே இவ்விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினோம்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவிலே, ஒகாயோ மாநிலத்து அக்றன் நகரில், ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் நிலைகொள்ளாது உலாவிக்கொண்டிருந்தார். நியூயோர்க்கிலே பங்குத் தரகராயிருந்தவர், பெருங்குடியர், குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்த காரியம் தோல்வி. கையிலே பணமுமில்லை. கூடத்தின் ஒரு புறம் மதுச்சாலை. மறுபுறம் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் நடந்து, பட்டியலிலிருந்த பாதிரியார் ஒருவரை அழைத்தார். உபதேசம் கேட்க அன்று. தம்மைப் போல் அவதிப்படும் இன்னொரு குடியரோடு பேச வேண்டும் என்று கேட்க.

பலரிடம் விசாரித்து, ஈற்றில் ஓர் அம்மையாரின் உதவியால், மறுநாள் மாலை டாக்டர் பொப் சிமித்தைச் சந்தித்தார். சிமித் சத்திரசிகிச்சை வைத்தியர். குடியினால் தொழில் நலிந்தவர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரம் வரை இருந்துவிட்டார். வில்சன் புத்தி சொல்லாததே காரணம். முன்னைய மாதங்களில் அவர் பல குடியருக்குப் புத்தி சொல்லிப் பார்த்தவர், ஒருவரும் திருந்தவில்லை. "பிரசங்கத்தை விட்டு, நோயைப் பற்றிப் பேசும்" என்ற கருத்தில் அவருக்கு ஆலோசனை கூறியவர் அவருடைய வைத்தியர் சில்க்வேர்த். ஆகவே அன்று மாலை தம் சொந்தக் கதையையே சொன்னார். நம் அரைமணி நேரத்தை நினைத்து நாம் வெட்கப்பட்டது இந்த இடத்திலேதான்.

சிமித் அடுத்த மாதம் ஒருமுறை சறுக்கினார். பின் 1935 யூன் 10இல் கடைசி முறையாகக் குடித்தார். 'அல்ககோலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம் அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. பெயர் மறைத்த குடியர் என்று தமிழில் சொல்லலாம்.

அங்கே சந்தா இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. குடியால் வருந்துவோர் மாத்திரம் இருக்கும் கூட்டமும் உண்டு; எவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. போகுமுன் எது எதுவென்று கேட்டறிதல் நலம். மனைவி மக்களுக்கென 1951இல் 'அல் அனான்' என்ற தனி அமைப்புத் தோன்றியது.

இது மதமாற்றமோ என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நியாயமான ஐயமே, கிறிஸ்தவர் நடுவில் எழுந்த இயக்கம். ஆயினும் கடவுளை அவரவர் உணர்ந்தபடி கொள்ள அது இடம் விடுகிறது. சைவர் ஒருவர் தம் முருகனை நினைத்தபடியே அங்கு இருக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இருக்கிறார்கள்.

பயனுண்டோ என்று கேட்பீர்கள். 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கி, 2020இல் வெளிவந்த கொக்றேன் மதிப்பாய்வு, இவ்வழியையும் இதன்பால் ஆற்றுப்படுத்தும் சிகிச்சையையும் பிற சிகிச்சைகளோடு ஒப்பிட்டது. குடியை முற்றாக விட்டிருப்பதில் இது பின்தங்கவில்லை, சிலவற்றினும் மேலானது என்று கண்டது. எல்லாருக்கும் பலித்துவிடும் என்பதன்று.

ஒன்றை மட்டும் வாலிபர்கள் மறக்கலாகாது. நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவரைச் சடுதியாக நிறுத்தச் செய்து அறையிலே பூட்டி வைப்பது ஆபத்து. நடுக்கமும் வலிப்பும் மனப்பிரமையும் உண்டாகும். உயிருக்கே மோசம் வரலாம். முதலில் வைத்தியர்; பிறகு கூட்டம்.

கூட்டம் இருக்குமிடத்தை அறிய அரசாங்க ஆஸ்பத்திரி மனநல வைத்தியரைக் கேட்கலாம். இயக்கத்தின் இணையத்தளத்திலும் தேடலாம். இணையவழிக் கூட்டங்களும் இக்காலத்தில் நடைபெறுகின்றன. நாளும் நேரமும் மாறுவதுண்டு. அழைத்துக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். ஒரு கூட்டம் மனதுக்கு ஒவ்வாவிட்டால் வேறொன்றைப் பார்க்கலாம். எனினும் விலாசம் எழுதிய துண்டைக் கையிற் கொடுத்தனுப்பினாற் போதாது. வாசல்வரை வந்து திரும்பிவிடுபவர் உண்டு என்கிறார்கள், வெட்கம் அப்படிப்பட்டது.

அந்த அன்பரிடம் நாம் மறுபடியும் போனோம். மன்னிப்புக் கேட்டோம். வைத்தியரைக் கண்ட பின், நம்மில் இருவர் அவரோடு பஸ் ஏறினோம். அது பிறர் புகாத கூட்டம். ஆகையால் எதிரே இருந்த கடையில் பிளேன்ரீ குடித்துக் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பின் அவர் வெளியே வந்தார். உள்ளே நடந்ததை நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் இதே பஸ்தானா என்று மட்டும் கேட்டார்.