பட்டியலில் வராத ஆசிரியர்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை, தங்கள் பேராசிரியரின் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து வைத்தது. அதனால் தலைப்பைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. முதுகலையிலும் அதற்கு மேற்பட்ட ஆய்விலும் நல்ல ஆசிரியரை, நல்ல நெறியாளரை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம், கண்டபின் அவருக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பேசலாம் என்று நினைத்தேன். நான் கணிதத் துறையைச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்த கதையும் அந்தத் துறையின் கதைதான். அதில் பெரும்பகுதி இந்தச் சென்னையில் நடந்தது.

1937-இல் சார்ல்ஸ் ராசீன் என்ற பிரெஞ்சுக்காரர், இயேசு சபைத் துறவி, தமிழ்நாட்டுக்கு வந்தார். வயது நாற்பது. இருபதாம் நூற்றாண்டு வடிவியலின் பெருந்தூண்களில் ஒருவரான எலீ கார்த்தானிடம் பாரிசில் ஆய்வு செய்து, சார்பியல் கோட்பாடு தொடர்பான ஆய்வேட்டுக்கு 1934-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் சிறிது காலம் இருந்தார். 1939-இல் லயோலா கல்லூரிக்கு வந்தவர் 1967-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கணிதம் கற்பித்தார். 1976-இல் மறைந்தார்.

அன்று சென்னையில் கணிதம் எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது விளங்கும். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வை ஒட்டி நின்றது. சிக்கலான கணக்கைக் குறித்த நேரத்துக்குள் போட்டு முடிப்பதே திறமை. அந்தச் சூழலிலும் ஆராய்ச்சி இல்லாமல் போகவில்லை. ஹார்டியிடம் பயின்று வந்த ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரியில் இருந்தார். விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன் என்று அவரிடமிருந்து வந்தவர்களின் வரிசை எந்த நாட்டுக்கும் பெருமை சேர்க்கும். வைத்தியநாதசுவாமி பல்கலைக்கழகத்தில் புதிய கணிதத்துக்குக் கதவு திறந்துகொண்டிருந்தார். ஆனால் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், கணிதத்தின் மொழியே மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைச் செய்துகொண்டிருந்த ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்த்தான் போன்றவர்கள் ராசீனுக்கு நண்பர்கள். அவர்களுடைய கணிதம் நுங்கம்பாக்கத்து வகுப்பறைக்கு இவர் வழியாக வந்தது.

ராசீன் தம் மாணவர்களுக்குச் செய்த பேருதவி இரண்டு. பாடத்திட்டத்துக்கு வெளியே எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று சொன்னார். படித்து முடித்தபின் எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். நன்றாகப் படிக்கும் பையன் ஆட்சிப்பணித் தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் கணக்குத் துறையில் அதிகாரியாக வேண்டும் என்று வீடே எதிர்பார்த்திருந்த காலம் அது. அப்போது பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போ, அங்கே கணிதம் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார். சி.எஸ். சேஷாத்ரி போனார். எம்.எஸ். நரசிம்மன் போனார். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள், 1953-இல் சேர்ந்தார்கள். பின்னால் ராகவன் நரசிம்மன் போனார். 1957-இல் சி.பி. ராமானுஜம் போனார். அவருக்காக ராசீன் எழுதிய பரிந்துரை பதிவில் இருக்கிறது: போதிய வாய்ப்புக் கொடுத்தால் இவர் நல்ல ஆய்வாளராக வருவார் என்பது அதன் சாரம். இருபது வயது தாண்டாத ஒருவரிடம் மதிப்பெண்ணைத் தாண்டி எதையோ கண்டு எழுதிய கடிதம் அது.

1965-இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் சேர்ந்து எழுதிய கட்டுரை ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வந்தது. ரீமான் பரப்பின் மேல் அமையும் வெக்டர் கற்றைகளுக்கும் அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய தேற்றம் அது. 1983-இல் டொனால்ட்சன் அதற்குப் புதியதொரு நிறுவல் தந்தபிறகு இயற்பியலாளர்களும் அதை நாடி வந்தார்கள். உலகெங்கும் இன்று நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்றே அதற்குப் பெயர். இந்த இருவரின் கணிதப் பரம்பரையைத் தேடிப் பாருங்கள். நெறியாளர் என்ற இடத்தில் கே. சந்திரசேகரன் பெயர் இருக்கும். அது சரியான பதிவுதான். ராசீனின் பெயர் அந்த வரியில் வராது, வருவதற்கு அங்கே இடமும் இல்லை.

சந்திரசேகரனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரும் அரிய நெறியாளர். 1949-இல் டாடா நிலையத்துக்கு வந்து, 1965-இல் சூரிச்சுக்குப் போகும்வரை அங்கே ஒரு கணிதப் பள்ளியை உருவாக்கினார். அவருடைய சொந்தத் துறை பகுப்பாய்வு எண்கோட்பாடு. மாணவர்கள் எண்கோட்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த கணிதம் போதாது என்று எண்ணி, தெரிந்தவர்களை அயல்நாட்டிலிருந்து வரவழைத்தார். லோரான் ஷ்வார்ட்ஸ் வந்தார், பிறகு ஷஃபரேவிச் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். மாதக்கணக்கில் தங்கிப் பாடம் நடத்தினார்கள். 1957 முதல் 1960 வரை நரசிம்மனும் சேஷாத்ரியும் பாரிசில் இருந்தார்கள். திரும்பி வந்து தங்கள் பெயரில் மட்டும் கட்டுரை எழுதினார்கள். ஆய்வகத் துறைகளில் நெறியாளரும் இணை ஆசிரியராக வருவதற்கு நியாயம் உண்டு. கருவி அவருடையது, நிதி அவருடையது, பலநேரம் யோசனையும் அவருடையது. ஆனால் துறை எதுவானாலும் மாணவர் எழுதும் ஒவ்வொன்றிலும் கைடின் பெயர் தானாக ஏறிக்கொள்ளும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

டாடா நிலையத்தின் பழைய விரிவுரைத் தொகுப்புகளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். முகப்பில் விரிவுரையாளரின் பெயர் இருக்கும். கீழே, குறிப்பெடுத்து எழுதியவர் இன்னார் என்று இருக்கும். ஷ்வார்ட்ஸ் 1955-இல் ஆற்றிய சிக்கலெண் பன்மடிகள் பற்றிய விரிவுரையில் அந்த இடத்தில் உள்ள பெயர் எம்.எஸ். நரசிம்மன். ஷஃபரேவிச்சின் 1966-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சி.பி. ராமானுஜம். இது வெறும் எழுத்தர் வேலை இல்லை. பெரிய கணித அறிஞர் கரும்பலகையில் பாதி சொல்லி மீதியைக் கையசைத்துக் கடந்துவிடுவார். மாணவர் அறைக்குப் போய் அந்த மீதியை நிரப்ப வேண்டும். நிரப்பமுடியாத இடத்தில் மறுநாள் போய்க் கேட்க வேண்டும். ராமானுஜம் குறிப்பு எழுதியதோடு நிற்கவில்லை, நிறுவல்களையே செம்மைப்படுத்தினார் என்பதை ஷஃபரேவிச்சே ஒப்புக்கொண்டிருக்கிறார். மாணவரின் பெயரை முகப்பில் அச்சிட வேண்டும் என்று முடிவு செய்த நிறுவனம் ஆய்வுக் கல்வியை உள்ளபடி புரிந்துகொண்ட நிறுவனம் என்பேன். இந்த ஒரு வரி அச்சுக்கு ஆன செலவு எதுவுமில்லை.

ராமானுஜத்தின் கதையில் இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில் விடை கிடைக்காத ஆண்டுகளில் அவர் மனம் தளர்ந்து, ஆய்வையே விட்டுவிட நினைத்தார். பிறகு எண்களங்களில் முப்படி வடிவங்கள் பற்றிய சிக்கலைத் தீர்த்தார். வாரிங் சிக்கலின் பொது வடிவிலும் சாதித்தார். கடும் மனநோய் அவரை விடாமல் துரத்தியது. 1974-இல் 36 வயதில் மறைந்தார். மேதையின் துயரக்கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. என் மனம் அந்தத் தளர்ந்த ஆண்டுகளில்தான் நிற்கிறது. விடை வராத நாட்களில் ஆய்வு மாணவருக்கு என்ன நடக்கிறது, அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை எந்த மதிப்பீட்டுப் படிவமும் கேட்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வில் பெரும்பகுதி அந்த நாட்கள்தான்.

நம் படிவங்கள் எதைக் கேட்கின்றன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஒரு மாணவர் முனைவர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10 மதிப்பெண், ஆய்வேடு சமர்ப்பித்திருந்தால் 5. தேசியத் தரவரிசையும் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2009-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டுக்கு முன்னால் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றன. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். விளைவு என்ன? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்க 2019-இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்று போட்டார்கள். 2025-இல் அந்தப் பட்டியலையும் கைவிட்டார்கள். கட்டாயக் கட்டுரை விதியோ 2022-லேயே போய்விட்டது. பேராசிரியருக்கு 8 மாணவர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்ற உச்சவரம்பு இருக்கிறது. பல துறைகளில் அதை உச்சவரம்பாக யாரும் பார்ப்பதில்லை, எட்ட வேண்டிய இலக்காகப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு எண்ணிக்கை தேவைப்படுகிறதே!

இந்தக் கணக்கில் ராசீனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேஷாத்ரிக்காக ஒன்றுமில்லை, நரசிம்மனுக்காக ஒன்றுமில்லை. சேஷாத்ரி 1989-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்பவர்களே இளங்கலை மாணவருக்கும் பாடம் நடத்துகிறார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. நரசிம்மனின் மாணவர் பட்டோடி, வெப்பச் சமன்பாட்டின் வழியாகக் குறியீட்டுத் தேற்றத்துக்குப் புதுப்பாதை போட்டவர். அந்தப் பாதையின் அடியில் மீனாட்சிசுந்தரமும் பிளேயெலும் 1949-இல் வெளியிட்ட விரிவாக்கம் இருக்கிறது. அந்த மீனாட்சிசுந்தரமும் லயோலாவில் படித்தவர். நிலையான வேலை கிடைக்காமல் சென்னையில் அவர் அல்லாடிய காலத்தில் கைகொடுத்தவர்களில் ராசீனும் ஒருவர். இவை எல்லாம் ஒன்றோடொன்று சேர முப்பது ஆண்டுகள் ஆயின. ஆண்டறிக்கையில் இது அகப்படாது.

அப்படியானால் சிறந்த நெறியாளரை அறிய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அவரிடம் படித்தவர்களைக் கேட்க வேண்டும், அதுவும் காலம் கடந்து கேட்க வேண்டும். ‘நேச்சர்’ இதழ் 2005 முதல் வழிகாட்டலுக்கென்றே விருது வழங்கி வருகிறது. வெவ்வேறு காலத்தில் அவரிடம் பயின்றவர்கள் சேர்ந்து பரிந்துரைக்க வேண்டும் என்பது அதன் முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களே தங்கள் ஆசிரியரைப் பரிந்துரைக்கும் பாராட்டு ஒன்று 2014 முதல் நடக்கிறது. நமக்கும் இது புதிதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். அவரிடம் எப்படிப் பாடம் நடந்தது, எந்த நூலை எந்த வரிசையில் கற்பித்தார், மாணவரின் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்தார் என்றெல்லாம் நாம் அறிவது உ.வே. சாமிநாதையர் 1933, 1934-இல் இரண்டு பாகமாக வெளியிட்ட சரித்திரத்தால். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவர் கொடுத்த சான்றிதழ் அது.

என் நெறியாளரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஓரிடத்தில் ‘இதிலிருந்து எளிதில் காணலாம்’ என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அதை வட்டமிட்டு, ஓரத்தில் ‘எனக்கு எளிதாக இல்லை, எழுதிக் காட்டுங்கள்’ என்று குறித்திருந்தார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், மாணவரை நீங்கள் என்றுதான் அழைப்பார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது, அந்த இயலின் உயிரான துணைத்தேற்றம் அதிலிருந்துதான் கிடைத்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நெறியாளருக்கு விருது கொடுக்க விரும்பும் குழு, அவர் திருத்திய வரைவுகளில் நான்கு பக்கத்தை வாங்கிப் பார்த்தால் போதும். திருத்தமே இல்லாத வரைவும், ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும் வரைவும் கூட நிறையச் சொல்லும்.

பாதியில் விட்டுப் போனவர்களையும் கேட்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வாய்மொழித் தேர்வு முடிந்து, இனிப்பு, காரம், காபியோடு நன்றி சொல்பவர்கள் வென்றவர்கள். ஆறு ஆண்டு இருந்துவிட்டு, கைடின் வீட்டு மின்கட்டணத்துக்கும் விடைத்தாள் கட்டுக்கும் அலைந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்ட பெண்ணின் குரல் எந்த அவையிலும் கேட்பதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி ஏறி வந்தவர்கள்தான் இப்படிப் போகிறவர்களில் அதிகம் என்பது நான் பார்த்தது. உதவித்தொகை தவணை தவறினால் அடுத்த மாதம் விடுதிக் கட்டணம் கட்ட வழியிருக்காது அவர்களுக்கு. ஆய்வை விட்டாலும், போகும்போது மரியாதையோடு வழியனுப்பி, வேறு வேலைக்கு உண்மையான பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்த நெறியாளர்களும் இருக்கிறார்கள். அதுவும் சிறந்த நெறியாண்மைதான். அதற்கு இன்றைய படிவத்தில் பூஜ்யம்.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். சொற்பொழிவோடு ஒரு விருதும் தொடங்கப்போவதாக அழைப்பிதழில் கண்டேன். விண்ணப்பதாரரே தம் சாதனைகளைத் தொகுத்து அனுப்பும் முறை வேண்டாம். அவரிடம் படித்துப் பத்தாண்டு கடந்த மாணவர் ஐந்து பேர் எழுதட்டும். அவர்களில் ஒருவராவது பட்டம் முடிக்காதவராக இருக்கட்டும். கல்லூரி ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆய்வு வழிகாட்டும் தகுதி இல்லாத சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர்களை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன்னாடையும் கேடயமும் போடுவதைவிட, பல்கலைக்கழகத்தோடு பேசி விருது பெறுபவருக்கு ஒரு பருவம் வகுப்புச் சுமையைக் குறைத்துக் கொடுக்கலாம். பணமாகக் கொடுப்பதானால் அவருடைய மாணவர்கள் வாங்க நினைத்து வாங்கமுடியாத நூல்களுக்குக் கொடுங்கள். முதல் ஆண்டுக்கான ஐந்து கடிதங்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை எனக்குத் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.